மெடிக்கலில் பில் போட போன் நம்பர் எதற்கு?

வைகைக்கரை:
அம்மாவுக்குப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை மாதாமாதம் நான்தான் வாங்குகிறேன். மதுரையில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய மெடிக்கல். சீட்டை நீட்டியதும் "நம்பர் சொல்லுங்க" என்பார்கள். பின்னால் ஆட்கள் நிற்கும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும்.

போன வாரம் சித்தி மகன் அங்கே காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனவன், பாயின்ட் சேரட்டும் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து, "அம்மா மாத்திரையும் முடிஞ்சிருக்குமே, சேர்த்து எடுக்கவா?" என்று மருந்தின் பெயரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே சித்தியிடமிருந்து போன்: "அக்காவுக்கு என்னடி ஆச்சு, எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?"

அம்மா இதை வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவருடைய முடிவு. ஒரு கடையின் கணினி அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்பர் தர மாட்டேன் என்றால் "சிஸ்டம் எடுக்காது, இந்த மாத்திரைக்கு ரூல்ஸ் இருக்கு" என்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருக்கிறதா? ஏறின விவரத்தை அழிக்கச் சொல்ல முடியுமா?

மருந்துக்கடை_திருச்சி:
அக்கா, நான் பார்மசிஸ்ட். விதி இருப்பது உண்மை, ஆனால் அதில் போன் நம்பர் இல்லை. அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் மாதிரி மருந்துகள், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் வருகின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டிருக்கும். இவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டியது: டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எவ்வளவு கொடுத்தோம். அவ்வளவுதான். மூன்று வருடம் வைத்திருந்து, மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். அது ஆய்வாளருக்கான பதிவேடு. பக்கத்தில் நிற்பவருக்கு வாசித்துக் காட்டுவதற்கல்ல.

"சிஸ்டம் எடுக்காது" என்பதும் பெரும்பாலும் சரியில்லை. நான் வேலை பார்த்த கடைகளில் நம்பர் இல்லாமலேயே பில் விழும். ஆனால் எத்தனை பில்லில் நம்பர் இருக்கிறது என்று மேலிடத்தில் கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணும் மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்டிருப்பார். பாயின்டுக்கான கணக்கிலேயே மருந்து விவரத்தையும் கோத்து, எல்லாக் கிளையிலும் எல்லா ஊழியருக்கும் தெரியும்படி திறந்து வைத்ததுதான் கோளாறு.

ஓய்வுபெற்றவன்:
எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நம்பரைச் சொன்னால் போதும், பழைய பில்லைப் பார்த்து அதே மாத்திரையை அதே அளவில் எடுத்துத் தருகிறார்கள். சீட்டைத் தொலைத்த நாளில் அதுதான் கைகொடுத்தது. நம்பரே கேட்கக் கூடாது என்றால் என்னைப் போன்றவர்களுக்குச் சிரமம் அம்மா.

சட்டம்_பேசலாம்:
ஐயா, நீங்கள் விரும்பிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கொடுத்தால்தான் பில் என்பதுதான் தவறு. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, மொபைல் நம்பருக்காக வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. மறுபடி பில் போட மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்கள் நிலைமைக்கு ஒட்டிய ஓர் உதாரணமே இருக்கிறது. ஒருவர் மருந்துக் கடையில் பொருள் வாங்கி, பணம் வந்ததற்கு ரசீதை போனுக்கு அனுப்பச் சொல்லித் தன் விவரத்தைத் தருகிறார். கடை அதை அந்த ரசீதை அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது 7-ஆம் பிரிவு. எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டும்தான்.

அழிக்கச் சொல்லும் உரிமை 12-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். என் பார்வையில் அது மிக நீளம். இருந்தாலும் இப்போதே கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போடுங்கள். கணக்கை மூடச் சொல்லுங்கள், பழைய கொள்முதல் விவரத்தை நீக்கியதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். எச்1 பதிவேட்டை அவர்கள் அழிக்க முடியாது, அதைக் கேட்க வேண்டாம்.

வைகைக்கரை:
நன்றி. பதிவேடு இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. மெயில் அனுப்பிவிட்டேன். திருச்சித் தம்பிக்கு ஒரு கேள்வி: ஐயா சொன்ன வசதியும் வேண்டும், இப்படி வெளியே போகவும் கூடாது என்றால் கடைக்காரர் என்ன செய்யலாம்?

மருந்துக்கடை_திருச்சி:
நம்பரை வாடிக்கையாளரே தட்டுகிற மாதிரி சின்னக் கருவி வைக்கலாம். பழைய மருந்துப் பட்டியலைத் திறக்க அந்த நம்பருக்கு ஓடிபி போகட்டும். அப்படி இருந்திருந்தால் உங்கள் தம்பி நம்பரைச் சொன்னாலும் பாயின்ட் மட்டும்தான் ஏறியிருக்கும். அதுவரை சின்னக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள் அக்கா. சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள், மருந்து தயாரான தொகுதியைக் காட்டும் பேட்ச் எண் அதிலும் இருக்கும்.