மேடவாக்கத்திலிருந்து வடவள்ளிக்கு வீடு மாற்றம்: ஏசி, பிரிட்ஜ், கேஸ் எல்லாம் எப்படி?

பெட்டிபடுக்கை:

வணக்கம். மே கடைசி வாரம் சென்னை மேடவாக்கத்திலிருந்து கோவை வடவள்ளிக்குக் குடி போகிறோம். இங்கே மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு. அங்கே முதல் மாடி, லிப்ட் இல்லை, தெருவும் குறுகலானது. இரண்டு படுக்கையறைச் சாமான்: டபுள் டோர் பிரிட்ஜ், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டரும் பேட்டரியும், ஆர்ஓ, டில்டிங் கிரைண்டர், இரண்டு கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ, நிறையப் புத்தகம், பத்துப் பன்னிரண்டு பூந்தொட்டி, ஒரு ஸ்கூட்டர்.

மூன்று பேக்கர்ஸிடம் விலை கேட்டதில் ஒருவர் 22 ஆயிரம், ஒருவர் 31 ஆயிரம், ஒருவர் 38 ஆயிரம் என்கிறார்கள். ஒரே சாமானுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டோம் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள். அதை என்ன செய்வது? பேக்கர்ஸ் வருவதற்கு முன் நாமே செய்து வைக்க வேண்டியவை என்னென்ன?

லோடுஷீட்:

22-க்கும் 38-க்கும் நடுவில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: லாரி முழுக்க உங்களுக்கா, பார்ட் லோடா? பார்ட் லோடு என்றால் உங்கள் சாமான் முதலில் குடோனில் இறங்கும், இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமானோடு வேறு வண்டியில் ஏறும், ஊருக்குப் போய் மறுபடி சின்ன வண்டிக்கு மாறும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும்தான் சாமான் உடைகிறது. சாலைக் குலுக்கலில் உடைவது குறைவு. சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கிலோமீட்டர். தனி வண்டி என்றால் சாயங்காலம் ஏற்றிவிட்டு மறுநாள் காலையிலோ மதியத்துக்குள்ளோ இறக்கிவிடலாம். பார்ட் லோடில் "மூணு நாள்" என்பார்கள், ஒரு வாரம் ஆனாலும் கேட்க முடியாது. பள்ளி திறக்கிற நேரத்தில் அது வேண்டாம்.

நீங்கள் சொல்லும் சாமானுக்கு 14 அடி வண்டி போதும். அடுக்கத் தெரிந்த ஆள் இருந்தால் ஸ்கூட்டரும் அதிலேயே போகும். 17 அடி எடுத்தால் இடம் தாராளம், ஆனால் குறுகலான தெருவுக்குள் திரும்பாது. முனையில் நிறுத்திவிட்டு, "சின்ன வண்டி வெச்சுத்தான் கொண்டுபோகணும் சார், தனி சார்ஜ்" என்பார்கள். தெருவின் அகலத்தையும் குறுக்கே தொங்கும் வயர்களையும் இப்போதே வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

விலையை எழுத்தில் வாங்கும்போது இத்தனையும் அதில் இருக்க வேண்டும்: பேக்கிங் சாமான், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லிப்ட் இல்லாத மாடிக்கான கூலி, டோல், ஜிஎஸ்டி, கட்டில் கழற்றி மாட்டுவது, வண்டி ஒரு நாள் காத்திருந்தால் என்ன வாடகை. ஏசி கழற்றுவது எப்போதுமே தனிக் கணக்கு. "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம். சாமான் லாரியில் ஏறிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியில் ஒரு பங்கு ஏற்றியதும், ஒரு பங்கு இறக்கிச் சரிபார்த்ததும் என்று முன்னமே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். கொட்டேஷனில் சாமான் மதிப்பில் 3 சதவீதம் என்று ஒரு வரி வரும். பல நேரம் அது அவர்களே வசூலிக்கும் ரிஸ்க் கட்டணம், பாலிசி அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும் போட்ட தாள் வந்தால் மட்டும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். லாரி ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதமானால் சாமான்காரரே பொறுப்பு) என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெட்டி எண்ணிட்ட சாமான் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். சேதம் என்றால் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, வழக்குக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வழியில் செக்கிங் என்று சொல்லி இ-வே பில்லுக்கு (சரக்கு கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி விதியிலேயே இ-வே பில் விலக்கு இருக்கிறது.

ஆலன்கீ:

இயந்திரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேக்கர்ஸ் பையன்கள் பபுள் ராப் சுற்றுவதில் கெட்டி, உள்ளே இருப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை கிடையாது.

ஏசி: கழற்றுவதற்கு முன் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும். இதற்குப் பம்ப் டவுன் என்று பெயர். ஏசியை கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு வால்வில் ஒல்லிக் குழாயுடையதை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) முதலில் மூட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கேஸ் உள்ளே போய்விடும். கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடிக்குழாய் வால்வையும் மூடி, உடனே மெயினை அணைக்க வேண்டும். அதற்கு மேல் ஓடவிட்டால் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும். ஏசிக்குள் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ், காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரஸரே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் இதை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று வரிசையைப் பாருங்கள். நட்டைத் தளர்த்தி கேஸை வெளியே விட்டுவிட்டு, "அங்கே போய் நிரப்பிக்கலாம் சார்" என்பவரை அப்போதே நிறுத்துங்கள். அது உங்களுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தண்டச்செலவு.

கழற்றியதும் குழாய் முனைகளையும் வால்வு வாய்களையும் டேப்பால் அடைக்க வேண்டும். ஈரமும் பூச்சியும் அதற்குள் போகக் கூடாது. காப்பர் குழாயைப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள், ஒரு இடத்தில் மடிந்தாலும் அந்தத் துண்டுக் குழாய் வீண். கோவையில் மாட்டும்போது வாக்குவம் பம்ப் வைத்துக் குறைந்தது 15 நிமிடம் காற்றை இழுத்த பிறகே வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை ஊதித் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் குழாயிலுள்ள ஈரம் அங்கேயே தங்கிவிடும். அடுத்த கோடையில் கூலிங் வரவில்லை என்று நீங்கள் போன் போடுவீர்கள்.

வாஷிங் மெஷின்: வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிய நீள போல்ட்டுகள் எங்கே? மாடலைப் பொறுத்து மூன்றோ நான்கோ இருக்கும். டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. அந்த போல்ட் மாட்டாமல் 500 கிலோமீட்டர் போனால் டிரம் பாடியில் இடித்து டேம்பர் (அதிர்வைத் தாங்கும் பாகம்) போய்விடும். தொலைந்திருந்தால் மாடல் எண் சொல்லி சர்வீஸ் சென்டரில் இப்போதே ஆர்டர் கொடுங்கள், வர நாளாகும். கீழே உள்ள ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். புது வீட்டில் போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும்.

பிரிட்ஜ்: ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். பின்னால் கம்ப்ரஸர் மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டை மறந்தால், லாரியில் கீழே இருக்கும் மெத்தை நனையும். கண்ணாடித் தட்டுகள் தனியே. நிறுத்தியே கொண்டுபோக வேண்டும், படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போகும். இறக்கியதும் மூன்று நான்கு மணி நேரம் நிற்கவிட்டு ஆன் செய்யலாம். வழியில் படுக்கவைத்தார்கள் என்று தெரிந்தால் ஒரு நாள் விடுங்கள்.

பேட்டரி: இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கைப் பிடுங்கி, கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு ஆள் வேண்டும். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தியே வைத்து, துணி மூட்டைகளுக்குத் தள்ளி ஏற்றச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ஆசிட் பட்டாலும் பருத்திச் சேலை அடுத்த துவைப்பில் ஓட்டையாகிவிடும்.

ஆர்ஓ: டேங்கை வடித்துக் கொண்டுபோங்கள். மாட்டுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள். கோவைக்கு வரும் சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையே இல்லை. போர்வெல் தண்ணீர் என்றால் மட்டும் மாட்டுங்கள்.

அஞ்சறைப்பெட்டி:

கிரைண்டரின் ஊருக்கே கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே! பழசாகி மோட்டார் முனகுகிறது என்றால் இங்கேயே கொடுத்துவிடலாம். நன்றாக ஓடுகிறது என்றால் குழவிக்கல்லை வெளியே எடுத்துத் தனியே கோணியில் சுற்றி, லாரித் தரையில் வைக்கச் சொல்லுங்க. உள்ளேயே விட்டால் ஆடி ஆடி டிரம் விளிம்பு நசுங்கும்.

புத்தகத்துக்குப் பெரிய அட்டைப்பெட்டி வேண்டாம். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும், அதுவே நல்ல கனம் வந்துவிடும். பெரிய பெட்டியில் தலையணை, போர்வை, பிளாஸ்டிக் டப்பா. ஐந்து பிளை (அடுக்கு) பெட்டியாகக் கேளுங்க. மூன்று பிளை, மேலே இன்னொன்று ஏறியதும் அமுங்கும். அடியில் டேப்பைக் கூட்டல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஒட்டணும். பெயரை மேல் மூடியில் எழுதாதீங்க, அடுக்கினால் தெரியாது. இரண்டு பக்கவாட்டில் எழுதுங்க. "கிச்சன்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை, புது வீட்டில் எந்த அறையில் இறக்கணும் என்பதையும் எழுதுங்க.

பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு உடையும். நிமிர்த்தி, தட்டுக்குத் தட்டு பேப்பர் வைத்து அடுக்கணும். எண்ணெய், ஊறுகாய், நெய் எதுவும் லாரியில் வேண்டாம். ஒரு ஜாடி ஊறுகாய் கசிந்தால் பத்துப் பெட்டி மணக்கும். இந்த மாதத்து அரிசி பருப்பை அளவாக வாங்கித் தீர்த்துவிடுங்க.

பீரோவைக் காலி செய்தே ஏற்றணும். துணியோடு தூக்கினால் தகடு முறுக்கிக் கதவு மாட்டாது. புது இடத்தில் கதவு உரசினால் ஆசாரியைக் கூப்பிடும் முன் கால்களைப் பாருங்க. தரை சமமில்லாததுதான் காரணமாக இருக்கும், ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தால் சரியாகும். கட்டில் போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்க. "எல்லா ஸ்குருவும் ஒரே டப்பாவில்" என்பது பேக்கர்ஸ் வழக்கம், மாட்டும்போது தலைவலி. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலமாரி இருந்தால் முடிந்தவரை கழற்றாமல் கொண்டுபோங்க, அதில் ஸ்குரு ஒரு முறைதான் கெட்டியாகப் பிடிக்கும்.

பால் காய்ச்சுவதற்கு நாள் குறித்துவிட்டீங்களா? வைகாசி என்பதால் சிக்கலில்லை. ஆனால் நல்ல முகூர்த்த நாளில் வண்டி கிடைப்பதும் கஷ்டம், வாடகையும் ஏறும். ஒரு நல்ல நாளில் நீங்கள் மட்டும் போய்ப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை வேறு ஒரு சாதாரண வார நாளில் ஏற்றினால் செலவு குறையும். அன்று கேஸ் இருக்காது, இண்டக்‌ஷன் அடுப்பைக் கையோடு கொண்டுபோங்க. பித்தளைப் பானை அதில் சூடாகாது. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலை செய்யும், வீட்டிலேயே காந்தம் வைத்துப் பார்த்துக்கோங்க.

விலாசம்:

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். வேறு ஊருக்குப் போவதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் உங்கள் ஏஜென்சியிலேயே ஒப்படைக்க வேண்டும். இணைப்பு எடுத்தபோது தந்த சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர், கேஸ் புத்தகம், ஆதார் நகல் கொண்டுபோங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தந்து டெர்மினேஷன் வவுச்சர் கொடுப்பார்கள். அதைக் கோவை ஏஜென்சியில் காட்டினால் புது இணைப்பு. ஒரு விஷயம் பலருக்கு உறைக்காது: திரும்பி வருவது அன்று நீங்கள் கட்டிய தொகைதான், அங்கே கட்டுவது இன்றைய தொகை. 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டர் டெபாசிட் 2,200 ரூபாயாகவும் ரெகுலேட்டர் 250 ரூபாயாகவும் உயர்ந்தன. பழைய இணைப்பு என்றால் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். ரப்பர் ட்யூபை அங்கே புதிதாக வாங்குங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதக் கணக்கு. காலி செய்யும் அன்று மீட்டரைப் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள். நடுவில் புதுக் குடித்தனம் வந்தால் அவர்கள் யூனிட்டும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்கு (கூடுதல் கட்டண அடுக்கு) போகும். முழு பில்லையும் பாதியாகப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் யூனிட்டுக்கு மட்டும் தனியே கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டி ஆர்சியில் முகவரி மாற்றத்துக்கு 30 நாள் அவகாசம், மாநிலத்துக்குள் என்பதால் என்ஓசி (தடையில்லாச் சான்று) தேவையில்லை. ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்ற இடங்களில் அதையே சான்றாகக் கேட்பார்கள்.

பெட்டிபடுக்கை:

எல்லோருக்கும் நன்றி. போல்ட்டுகள் பரணில் கிடைத்துவிட்டன, மூன்று இருக்கின்றன, துளை நான்கு. 38 ஆயிரம் சொன்னவர் மட்டும்தான் தனி வண்டி, விலையை எழுத்திலும் தருகிறார். பூந்தொட்டியையும் ஸ்கூட்டரையும் யாரும் தொடவில்லையே?

ஆலன்கீ:

மூன்று போல்ட்டோடு ஏற்றாதீர்கள், நான்காவதை வாங்கிவிடுங்கள். ஒரு மூலை சும்மா இருந்தால் டிரம் அந்தப் பக்கம் இழுக்கும். ஸ்கூட்டரில் பெட்ரோலை வடித்து, கண்ணாடிகளைக் கழற்றி, ஓடிய கிலோமீட்டரைப் படமெடுத்து, ஆர்சி, இன்ஷூரன்ஸ் நகலை டிரைவரிடம் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

அஞ்சறைப்பெட்டி:

மே மாதம் மூடிய லாரிக்குள் செடி வெந்துவிடும். மல்லி, செம்பருத்தி, கற்பூரவல்லிக்குக் குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்க. தொட்டிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்க. கட்டாயம் கொண்டுபோகணும் என்கிற ஒன்றிரண்டுக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தணும். ஈரமண் தொட்டி கனமும் அதிகம், அடியில் கசியவும் செய்யும்.