படகறையின் கூரை லைனிங் தொங்குகிறது

குழு: வெள்ளவத்தைப் பெரிய வீடு

பெரிய மாமா, காலை 7.10
பிள்ளைகளே, பொல்கொட ஏரியில் நிற்கும் நமது பழைய ஃபைபர் படகை நேற்றுப் போய்ப் பார்த்தேன். அறையின் கூரையில் ஒட்டியிருந்த ரெக்சின் தலையில் முட்டும் அளவுக்குத் தொங்குகிறது. புறக்கோட்டையில் இரண்டு ஸ்ப்ரே பசை வாங்கி, உள்ளே அடித்து அழுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை உதவிக்கு யார் வருகிறீர்கள்?

மருமகன், காலை 7.32
மாமா, தயவுசெய்து அந்தப் பசையை வாங்கிவிடாதீர்கள். என் வாகனத்தின் ஹூட் லைனிங்கை, அதாவது உட்கூரை உறையை, சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் ஒட்டினேன். மூன்றே வாரத்தில், வெயிலில் நிறுத்தியிருந்த ஒரு மதியத்தில், முழுவதும் மறுபடி இறங்கிவிட்டது. ரெக்சினில் குறை இல்லை. அதன் முதுகில் இருக்கும் மெல்லிய ஸ்பொஞ்சுதான், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து பல ஆண்டுகளாகத் தாக்கியதில், மாவாக உதிர்ந்துபோகிறது. உதிரும் மாவின் மேல் எவ்வளவு நல்ல பசையை அடித்தாலும் அது அந்த மாவைத்தான் பிடிக்குமே தவிர, கூரையைப் பிடிக்காது.

பெரிய மாமா, காலை 7.50
நேற்றுக் கையோடு கிழிந்து வந்த துண்டு மேசையில் இருக்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். நனைந்த கடலை மா போல மஞ்சளாக உருண்டு, விரலிலேயே ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் சொல்வது சரிதான், தம்பி. அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

மருமகன், காலை 8.15
முதலில் விளக்குகளையும் ஓரச் சட்டங்களையும் கழற்றி, ரெக்சினை முழுவதுமாக உரித்துவிடுங்கள். உரித்ததும், மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பிகளின் போல்ட்டுகள் கூரையின் உட்பக்கம் வெளிவரும் இடங்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பழுப்புக் கறையோ ஈரமோ இருந்தால், மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. அந்த போல்ட்டுகளைக் கழற்றி, நீர் புகாமல் அடைக்கும் பழைய சீலண்டைச் சுரண்டி, புதிதாக இட்டு இறுக்கிய பிறகுதான் லைனிங்கைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வருவதுதான் கடினமான வேலை. கூரையில் எஞ்சியிருக்கும் ஸ்பொஞ்சையும் பசையையும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் கெட்டித் தூரிகையாலும், வெறும் ஃபைபர் தெரியும்வரை எடுக்க வேண்டும். முழு வேலையில் பாதி நேரத்துக்கு மேல் இதற்கே போய்விடும். ஆனாலும் இங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண்.

அக்கா, காலை 8.40
மாமாவுக்கு இழுப்பு இருப்பதை இருவரும் மறந்துவிட்டீர்களா? அந்தத் தூள் நேரே முகத்தில்தானே கொட்டும்?

மருமகன், காலை 8.52
மறக்கவில்லை, அக்கா. சுரண்டும் வேலையை நான் செய்கிறேன். தூசிக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் போதும், ஆனால் பசையின் ஆவியை அது தடுக்காது. அந்த ஆவி காற்றை விடக் கனமானது என்பதால் படகின் அடியில் போய்த் தேங்கும். ஆகவே பசையைத் திறப்பதற்கு முன்பே பெற்றோல் தாங்கியைக் கரைக்குக் கொண்டுபோய், பட்டறியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். நீர் இறைக்கும் பம்ப் தானாக இயங்கும்போது எழும் ஒரு சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். பசை பூசும்போது மாமா கரையிலேயே நிற்கட்டும்.

மாமி, காலை 9.05
குளிர்சாதனப்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியை வீசாமல் வைத்திருக்கிறேன். அளவு வெட்ட உதவுமா?

மருமகன், காலை 9.20
மிகவும் உதவும், மாமி. கூரையின் நடுப்பகுதி தட்டையானது. அந்த அட்டையை அங்கே பிடித்து அச்சு எடுத்து, அதன்படி ஈரம் தாங்கும் 4 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் பலகையை வெட்டி, வார்னிஷ் பூசி, அதன் மேல் ரெக்சினைப் போர்த்தி மாட்டிவிடலாம். பிறகு எந்த போல்ட் ஒழுகினாலும் ஒரு பலகையைக் கழற்றினால் போதும். பின்பக்கம் மடிக்கும் ரெக்சினைப் பசையால் மட்டுமே ஒட்ட வேண்டும். ஏனென்றால் அவ்வளவு மெல்லிய பலகையில் 6 மில்லிமீற்றர் ஸ்டேப்பிள் அடித்தால், அதன் முனை முன்பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும்.

வளைந்த ஓரங்களில் மட்டும் நேரடியாக ஒட்டுவோம். அதற்கு வெப்பம் தாங்கும் கொன்டாக்ட் பசையை இரு பக்கமும் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடம் பொறுக்க வேண்டும். இரண்டும் ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்தவே முடியாது என்பதால், இடையில் பிரவுண் தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாண் ஒரு சாணாக உருவிக்கொண்டே அழுத்த வேண்டும். மழை நாளில் பூசினால் பசையின் மேல் ஈரம் படிந்து பிடிப்புக் குறையும்.

பெரிய மாமா, மாலை 5.45
இன்றே போய் உரித்துவிட்டேன், சுரண்டவில்லை. இடப்பக்கக் கைப்பிடியின் இரண்டாவது போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருக்கிறது, தொட்டால் ஈரம். சனிக்கிழமை அதை மட்டும் அடைப்போம். அடுத்த மழையில் உள்ளே இருந்து பார்த்துவிட்டுப் பலகை வெட்டுவோம்.

மருமகன், மாலை 5.58
அப்படியே செய்வோம், மாமா. சீலண்டையும் முகக்கவசங்களையும் நான் வாங்கி வருகிறேன். காலை 8 மணிக்கு வீட்டு வாசலில் நிற்பேன்.