மறு: ‘முடுக்கி ஒட்டல்’ வேண்டாம், ‘முறுக்கு மீளாமை’ என்று வைக்கலாமே

வணக்கம்.

பைக்கில் கிரிப் (ஹேண்டில்பார் முனையில் கை பிடிக்கும் ரப்பர் உறை) மாற்றிய பிறகு ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும் கோளாறுக்கு ‘முடுக்கி ஒட்டல்’ என்று நேற்று இங்கே ஒரு தமிழ்ச் சொல் வந்திருந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை. போன மாதம் என் வண்டியிலேயே இந்தக் கூத்து நடந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதுகு வலிக்கிறதே என்று புதுப்பேட்டையில் கொஞ்சம் உயரமான ஹேண்டில்பார் வாங்கி, அங்கேயே ஒரு கடையில் புது கிரிப், இரண்டு முனையிலும் பார் எண்ட் வெயிட் (முனையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் எடைக்கட்டி) எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எழும்பூர் தாண்டவில்லை, சிக்னலில் கையை விட்டால் ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறது. வண்டி நின்ற இடத்தில் அலறுகிறது, பக்கத்து ஆட்டோக்காரர் என்னைத் திட்டவே ஆரம்பித்துவிட்டார். இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சை அமுக்கி ஓரம் கட்டினேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் கையாலேயே திருப்பி மூடி மூடிப் பெரம்பூர் வந்து சேர்ந்தேன். அப்படி ஓட்டியிருக்கக் கூடாது, தள்ளிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

வீட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு முறுக்கி விட்டுப் பார்த்தேன். முக்கால் தூரம் திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டது. பார் எண்ட் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினேன், கொஞ்சம் இளகியது. வெயிட்டை முழுசாகக் கழற்றியதும் ‘டக்’கென்று திரும்பியது. என்னவென்றால், கிரிப் ரப்பரின் வெளி விளிம்பு, அதற்குள்ளே ஹேண்டில்பார்மேல் சுழலும் பிளாஸ்டிக் ஸ்லீவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, வெயிட்டை இறுக்க இறுக்க அது நடுவில் நசுங்கிப் பிரேக் போலப் பிடித்திருக்கிறது. பிளேடால் விளிம்பைச் சீவி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினேன். உள்பக்க விளிம்பும் சுவிட்ச் பெட்டியில் லேசாக உரசியது, கிரிப்பை வெளியே கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் எது எதோடு ஒட்டியது? ஒன்றுமில்லை. ஸ்பிரிங் இழுக்கிறது, உரசல் விடவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக்கும் ‘ஆக்சிலேட்டர் ரிட்டர்ன் ஆகலை’ என்றுதான் சொல்வார், ஒட்டிக்கொண்டது என்று சொல்வதில்லை. அந்த ‘ரிட்டர்ன் ஆகலை’தான் நமக்கு வேண்டிய சொல்: மீளாமை. ‘முறுக்கு மீளாமை’ என்றால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது, முறுக்கி விடு, மீள்கிறதா பார். (முறுக்கு என்றதும் தட்டில் வைத்துச் சாப்பிடுவதா என்று கேட்பவர்களுக்கு: ‘வண்டியை முறுக்கிக்கிட்டுப் போறான்’ என்று தினமும் சொல்கிறோம், அப்போது யாருக்கும் பசிப்பதில்லை.)

‘ஒட்டல்’ பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. எங்கள் தெருப் பையன் கிரிப்புக்குப் பசை போட்டபோது அது வழிந்து ஸ்லீவுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இறங்கிவிட்டது. அது அசல் ஒட்டல். வேறொருவர் இடது கிரிப்பை வலது பக்கம் மாட்டியிருந்தார். வலது கிரிப் 22 மி.மீ. ஹேண்டில்பார் குழாய்மேல் நேராக உட்காருவதில்லை, நடுவில் ஸ்லீவ் இருப்பதால் அதன் துளை பெரிது. இடதை அதில் திணித்தால் பிளாஸ்டிக் ஸ்லீவ் நெருக்குண்டு இறுகும், அது ஒட்டலும் இல்லை. இப்படிக் காரணம் நாலு இருந்தாலும் மீளாமை என்ற பெயர் எல்லாவற்றுக்கும் செல்லும்.

என் வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது, அதை இதோடு குழப்பக் கூடாது. எல்லாம் சரியென்று ஸ்டார்ட் செய்து, நின்றபடி ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் ரேஸ் தானாக ஏறியது. பார் உயர்ந்துவிட்டது, ஆக்சிலேட்டர் ஒயர் பழைய நீளம், ஒடிக்கும்போது அது விறைத்துக் கார்புரேட்டரை இழுக்கிறது. யு-டர்ன் எடுக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு ‘ஒயர் இழுபடல்’ போதும். ஒயரை வேறு வழியாக விட்டுப் பார்த்தேன், சரியாகிவிட்டது, இல்லையென்றால் நீளமான ஒயர்தான் போட வேண்டும்.

அதே ஒயரில் கொஞ்சம் ப்ளே வேண்டும், பல வண்டிகளில் கிரிப் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை. இதை ‘விளையாட்டு’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ‘தளர்வு’ என்றால் ஏதோ நட்டு கழன்றதைப் போல இருக்கிறது. ஒயரை இழுக்காமல் கிரிப் வெறுமனே அசையும் தூரம் அது, ‘வெற்றசைவு’ என்றால் என்ன? கிளட்சுக்கும் பிரேக்குக்கும்கூட அப்படியே செல்லும்.

‘நெரிப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆக்சிலேட்டரைக் குறிக்கும் ‘த்ராட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் தொண்டையை நெரிப்பதுதான், உண்மை. கார்புரேட்டருக்குள் காற்றை அடைக்கும் உறுப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கையில் பிடிப்பதற்கு ‘முறுக்குப்பிடி’யே இருக்கட்டும்.

ஹேண்டில்பாருக்குத்தான் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதையும் ‘கைப்பிடி’, கிரிப்பையும் ‘கைப்பிடி’ என்று எழுதியதில், என் குறிப்பில் ‘கைப்பிடியில் கைப்பிடியை மாட்டவும்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. நல்ல சொல் இருப்பவர்கள் எழுதுங்கள், அதுவரை நான் ஹேண்டில்பார் என்றே விட்டுவிடுகிறேன்.