மாரியில வல்லாரை காயவைக்கிறது எப்பிடி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஞாபகசக்திக்கு வல்லாரைப் பொடி, நெய் செய்யிற ஆக்களிட்டை இரண்டு உதவி கேக்கிறம்.

முதலாவது, காயவைக்கிறது. வெயிலில போட்டால் பச்சை நிறம் போய் மண்ணிறமாகும், மணமும் போயிடும், அதால நிழல்தான். ஆனால் கார்த்திகை, மார்கழி மழைக்குள்ள இலை நொறுங்கினாலும் காம்பு வளையும். அப்பிடியே இடிச்சுப் போத்தலில அடைச்சால் பொடி கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். காம்பைக் கிள்ளி வேறாக்கி, இலையைச் சுளகில ஒரே அடுக்காப் பரப்பிறம், அதுவும் காணாது. புகை படாமல் அடுப்புக்கு மேல தட்டி கட்டினவை இருக்கினமோ? எவ்வளவு உயரத்தில?

நெய்யில பிரச்சினை இல்லை. புதுசாச் செய்யிறவைக்குச் சொல்லுறம்: விழுது 1 பங்கு, பசுநெய் 4, சாறு 16. நுரை அடங்கி, விழுது விரலுக்குள்ள திரியா உருளவேணும். அந்தத் திரியைக் கொளுத்தினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் தண்ணி இன்னும் நிக்குது, நெய் கெதியாப் பழுதாகும்.

இரண்டாவது, நடுகொடி. வயல் வாய்க்கால் வல்லாரை வேண்டாம், களைநாசினி கலந்திருக்கும். மருந்தடிக்காத வளவில நிக்கிறதை இரண்டு மூண்டு கணுவும் வேருமா வெட்டி, ஈரச்சாக்கில சுத்தித் தந்தால் போதும். நீர்ப்பிரமியைத் தந்திடாதேங்கோ, அது சின்னத் தடிச்ச இலை. வல்லாரை இலை வட்டமா, காம்படியில வெட்டுப்பட்டிருக்கும்.

கர்ப்பிணியள், ஈரல் வருத்தக்காரர், நித்திரைக் குளிசை போடுறவை வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம். மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கொடி இருந்தால் கீழ எழுதுங்கோ, வந்து எடுப்பம்.