புதுப்பிப்பு: இங்கிலாந்துக் கதைகளுக்கான மளிகைச் சாமான்கள்

இங்கிலாந்தில் நடக்கும் கதைகளை எழுதுபவர்களுக்காக, அங்குள்ள அன்றாட மளிகை, மிட்டாய், சோப்பு வகைகளை முன்பு இங்கே தொகுத்திருந்தேன். "என் கதை 1985இல் நடக்கிறது. பட்டியல் அப்படியே பொருந்துமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. முக்கியமாகப் பெயர்கள்.

அந்த ஆண்டு லண்டன் சிறுவன் கடையில் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் கேட்க மாட்டான். அங்கே 1990 வரை அது மாரத்தான். ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாய் 1998 வரை ஓப்பல் ஃப்ரூட்ஸ். சமையல் மேடையைத் தேய்க்கும் சிஃப், 2001 வரை ஜிஃப். பெயர் மாறிய பிறகும் பலர் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதாபாத்திரத்தின் வயதைச் சொல்லாமல் சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது.

இன்னும் பின்னால் போனால் ரேஷன். இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தும் மிட்டாய்க் கட்டுப்பாடு 1953 பிப்ரவரி வரை நீடித்தது. நடுவில், 1949 ஏப்ரலில் அதை நீக்கிப் பார்த்தார்கள். கடைகள் காலியாயின, ஆகஸ்டில் ரேஷன் திரும்பிவிட்டது. அந்த இனிப்பான இடைவேளைக்குள் ஒரு முழுச் சிறுகதை ஒளிந்திருக்கிறது, யாராவது எழுதுங்கள். அந்தக் காலக் கதையில் மிட்டாயைக் கம்பெனிப் பாக்கெட்டாக வாங்க வைக்காதீர்கள். கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்து, கால் பவுண்டு எடை நிறுத்து, காகிதப் பையில் கொடுப்பார் கடைக்காரர்.

குளியலறைக்கு இம்பீரியல் லெதர் சோப்பு போதும். கட்டி தேய்ந்தாலும் அதன் மேலுள்ள ஒட்டுச்சீட்டு லேசில் உதிராது. பழைய பள்ளிக்கூடக் கழிவறை என்றால் ஐஸல் என்ற கழிவறைத் தாள்: பளபளப்பானது, மொறமொறப்பானது, எதையும் உறிஞ்சாதது. நகைச்சுவைக் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?