மஸ்கெலியா தோட்டப் பாதைக்கு ஓல் வீல் தேவையா, நல்ல டயர் போதுமா?

மேல்டிவிஷன்:
வணக்கம். மஸ்கெலியா டவுனிலிருந்து கொஞ்ச தூரம் தார்ப் பாதை, அப்புறம் தோட்டப் பாதையில் ஏறினால்தான் எங்கள் வீடு. அந்த ஏற்றத்தில் பாதி பாசி பிடித்த பழைய கொங்கிறீட், மீதி கல் போட்ட மண். மே, ஜூன் மழை தொடங்கினால் ஆட்டோக்காரர்கள் கோயில் சந்தியோடு இறக்கிவிடுகிறார்கள். அப்பாவை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவரால் அந்த மேட்டை நடந்து ஏற முடியாது. லீசிங் போட்டு வாகனம் எடுக்கப் பார்க்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான், மலைப் பக்கம் என்றால் ஓல் வீல் (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஃபோர் வீல் என்பதும் அதுதான்) இல்லாததைத் தொடவே வேண்டாம் என்கிறார். பார்த்து வைத்திருப்பவை மூன்று சுசுகி வண்டிகள்: ஹஸ்லர் ஃபோர் வீல், சாதாரண வேகன் ஆர், பழைய ஜிம்னி. மூன்றுமே 2020 மார்ச்சில் இறக்குமதி நிற்பதற்கு முன் வந்தவை. எதை எடுக்கலாம்?

பதுளை_கராஜ்:
தம்பி, வேகன் ஆரை எடுங்கள். மிஞ்சுகிற காசில் நாலு புது டயர், பிரேக் வேலை எல்லாம் முடித்துவிடலாம். ஓல் வீல் என்பது வண்டியை இழுப்பதற்கு மட்டும்தான். நிறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை, எந்தக் காராக இருந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. ரம்பொடையிலும் கினிகத்தேனையிலும் மழையில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பது டயரும் எஞ்சின் பிரேக்கும்தான் (கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிப்பது). ஃபோர் வீல் என்ற தைரியத்தில் வளைவில் வேகமாக இறங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கொழுந்து_லொறி:
இறங்குவது பற்றி அண்ணா சொல்வது சரி. ஆனால் தம்பி கேட்டது ஏறுவது பற்றி. வேகன் ஆர் முன் சக்கரத்தால் இழுக்கிற வண்டி. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போய்விடும், அதுவும் பின் சீட்டில் ஆள் இருந்தால் கேட்கவே வேண்டாம். முன் சக்கரம் லேசாகி, பாசியில் சும்மா சுற்றும். புது டயர் போட்டாலும் அந்தக் குறை போகாது. எங்கள் தோட்டத்தில் முன் சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்கள் மழை நாளில் மேட்டை ரிவர்ஸில் ஏறுகிறார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு அப்படி ஏறச் சொல்கிறீர்களா?

பதுளை_கராஜ்:
ரிவர்ஸில் ஏறுவதை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் நம்மூரில் விற்கிற ஃபோர் வீல் ஹஸ்லர் எங்கே ஓடியது என்று யாராவது கேட்கிறீர்களா? ஜப்பானில் பனி கொட்டும் வடக்குப் பகுதிகளில்தான் சின்னக் காருக்குக்கூட ஃபோர் வீல் கேட்டு வாங்குகிறார்கள். ஹொக்கைடோ பக்கம் பனி உறையாமல் இருக்கப் பாதையில் உப்புத்தன்மையுள்ள மருந்து போடுவார்கள். அது வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்றுவிடும். மேலே பார்த்தால் புத்தம் புதுசு, ரேம்பில் தூக்கினால் பிரேக் பைப்பும் சஸ்பென்ஷன் ஆமும் துருவேறிக் கிடக்கும். பழைய உரிமையாளரிடம் ஒக்ஷன் ஷீட் (ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுக்கிற தாள்) இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ் என்று போட்டிருந்தால் துரு, சி என்றால் அரிப்பு. சி இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

இன்னொன்று டயர். அங்கிருந்து வந்த சில வண்டிகளில் பனிக்கால டயரே மாட்டியிருந்தது. பள்ளம் ஆழமாக இருப்பதால் நல்ல டயர் என்று நினைத்து நம் ஆட்கள் அப்படியே ஓட்டுகிறார்கள். அந்த ரப்பர் குளிருக்காகச் செய்த மெதுவான ரப்பர். நம் சூட்டில் சீக்கிரம் தேயும், நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிட அதிக தூரம் போய்த்தான் நிற்கும்.

கல்கரி_தங்கச்சி:
நான் ஹட்டனில் பிறந்தவள், இப்போது கல்கரியில் இருக்கிறேன். உங்கள் மச்சான் சொல்வதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது அண்ணா. பக்கத்து மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்டோபர் 1 முதல் மலைப் பாதைகளில் பனிக்காலத்துக்கு ஏற்ற டயர் கட்டாயம், அதன் பள்ளம் குறைந்தது 3.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கியூபெக்கிலும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். ஓல் வீல் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பனியிலேயே சட்டம் டயரைத்தான் பார்க்கிறது. நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் உறைபனி படியும், அதற்காக யாரும் ஓல் வீல் தேடத் தேவையில்லை. நான் பதுளை அண்ணா பக்கம்.

கொழுந்து_லொறி:
தங்கச்சி, உங்கள் ஊரில் பாதையைச் சுத்தம் செய்ய அரசாங்கம் மெஷின் அனுப்புகிறது. எங்கள் தோட்டப் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டக் கூட எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். பாதை சரியாக இருந்தால் நானும் டயர் போதும் என்றுதான் சொல்வேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற நோயாளியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிவருவதை இன்றைக்கும் பார்க்கிறோம். மேட்டில் வண்டி ஏறாவிட்டால் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

ஹஸ்லர் ஃபோர் வீலை ஏன் சொல்கிறேன் என்றால், முன் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பின் சக்கரத்துக்கு இழுவை தானாகப் போகும், நாம் எதையும் போட வேண்டியதில்லை. ஓட்டோ கியர் உள்ள ஃபோர் வீலில் இறக்கத்துக்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் மணிக்கு ஏழு கிலோமீற்றர் அளவில் தானே பிரேக் பிடித்து இறங்கும். வாங்கும்போது அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர், வேகன் ஆர் 15 அளவில்தான். கல் பாதையில் அந்த மூன்று சென்ரிமீற்றர் பெரிய விஷயம்.

மேல்டிவிஷன்:
ஜிம்னி பற்றி யாரும் சொல்லவில்லையே?

கொழுந்து_லொறி:
சேற்றுக்கு அதுதான் ராஜா, லோ கியர் இருக்கிறது. ஆனால் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் வளைவில் அப்படி ஓட்டினால் கியர் பெட்டியும் டயரும் பாழ். போடவும் எடுக்கவும் ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அதில் உட்கார்ந்து நுவரெலியா வரை குலுங்கிப் போவதும் கஷ்டம்.

பதுளை_கராஜ்:
அதில் எனக்கும் அதே கருத்து. தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் மேட்டில் வண்டி சறுக்கி நிற்கிறதா, அடி தட்டி நிற்கிறதா? தட்டுகிறது என்றால் ஃபோர் வீல் உதவாது.

மேல்டிவிஷன்:
சறுக்கித்தான் நிற்கிறது. சித்தப்பாவின் வேகன் ஆர் மழையில் கொங்கிறீட் முடிகிற இடத்தில் முன் சக்கரம் சுற்றி அப்படியே பின்னால் வழுக்கியது. காய்ந்த நாளில் பிரச்சினையே இல்லை.

கொழுந்து_லொறி:
அப்படியென்றால் ஹஸ்லர்தான். ஆனால் மண்சரிவு எச்சரிக்கை சிவப்பு என்று அறிவித்தால் எந்த வண்டியானாலும் அந்தப் பாதையில் எடுக்க வேண்டாம், அப்பாவை முதலிலேயே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள்.

பதுளை_கராஜ்:
சறுக்குகிறது என்றால் நான் தடுக்கவில்லை. ஆனாலும் டயருக்கென்று காசை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஃபோர் வீலில் நாலு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும், இரண்டு புதுசு இரண்டு பழசு என்று போட்டால் பின் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற நடுவில் உள்ள கப்ளிங் சூடாகிக் கெட்டுவிடும். பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

கல்கரி_தங்கச்சி:
நான் டயர் பக்கம்தான், மாறவில்லை. ஆனால் அப்பாவுக்கு வீட்டு வாசல் வரை வண்டி வர வேண்டும் என்பது புரிகிறது. துரு பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள் அண்ணா.

மேல்டிவிஷன்:
எல்லோருக்கும் நன்றி. கண்டியில் ஒரு ஹஸ்லர் இருக்கிறது, ஷீட்டும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய், ரேம்பில் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுவேன். பதுளை அண்ணா, அடியில் முதலில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

பதுளை_கராஜ்:
பின் சக்கரத்துக்கு உள்பக்கம் பிரேக் பைப், அப்புறம் பின் டிஃபரன்ஷல் மாட்டியிருக்கிற இடம், கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டத்தின் உள் விளிம்பு. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் விடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் அது செய்த வருடம். அதையும் பாருங்கள்.