இரண்டு வருட உடற்பயிற்சி அறிவியல் பட்டம்: சேரலாமா, வேண்டாமா?

தென்றல்
தங்கை பள்ளி முடித்துவிட்டாள். அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியலில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். பிறகு பிசியோதெரபி பக்கம் போகவும் எண்ணம் இருக்கிறது. வீட்டிலோ "ஜிம்முல நிக்கறதுக்கு எதுக்குப் படிப்பு" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கை
வீட்டில் சொல்வதுதான் சரி. நான் பயிற்சியாளர். பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்புகளான என்எஸ்சிஏ, ஏசிஎஸ்எம் இரண்டிலும் தனிப்பயிற்சியாளர் தேர்வு எழுத 18 வயது, பள்ளிப்படிப்பு, சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) பயிற்சி இருந்தால் போதும், சில மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் முடித்துவிடலாம். மேலே போகலாம் என்று பார்த்தால் அங்கேயும் இந்தப் பட்டம் கைகொடுக்காது. விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி தருபவர்களுக்கான சிஎஸ்சிஎஸ் தேர்வுக்கு இளங்கலை கேட்கிறார்கள், ஏசிஎஸ்எம்மின் உடற்பயிற்சி உடலியலாளர் சான்றிதழுக்கும் அப்படித்தான். கீழே தேவையில்லை, மேலே பத்தாது. இதற்கு எதற்கு இரண்டு வருடம்?

நாடித்துடிப்பு
இரும்புக்கை, வேலைக்குள் நுழைய என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். உள்ளே போன பிறகு? 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்று எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்கள். அது ஒரு சராசரிதான், ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிற 60 வயதுக்காரர் வந்தால் அந்தக் கணக்கே உதவாது, ஏனென்றால் அந்த மருந்து துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கணக்குப்படி 160 என்று வைத்து அவரை விரட்டினால் ஆபத்து. அவருக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் போர்க் அளவுகோலைத்தான் நம்ப வேண்டும். உடலியலை முறையாகப் படித்தவருக்கு இது தானாகத் தோன்றும்.

இரும்புக்கை
பீட்டா பிளாக்கர் சான்றிதழ் பாடத்திலேயே இருக்கிறது நண்பரே. எங்களுக்கும் தெரியும்.

நாடித்துடிப்பு
ஒரு பத்தி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆய்வகம் இருக்கிறதா? ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டே இருக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஸ்டெதாஸ்கோப் வைத்து அவருடைய ரத்த அழுத்தத்தை எடுப்பது புத்தகத்தில் வராது. வேலைச்சுமை கூடக்கூட சிஸ்டாலிக், அதாவது ரத்த அழுத்தத்தின் மேல் எண், ஏற வேண்டும். சுமை ஏறியும் அது 10 புள்ளி கீழே இறங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்த வேண்டும். கையில் கருவியோடு நின்று, தப்பாக எடுத்து, ஆசிரியர் திருத்தி, மறுபடி எடுத்துத்தான் அது பழகும். உடல் கொழுப்பைக் கணக்கிடத் தோல்மடிப்பு அளப்பதும் அப்படியே, ஒரே ஆளை இரண்டு மாணவர்கள் அளந்தால் இரண்டு எண் வரும், விரல் பிடித்த இடம் கொஞ்சம் தள்ளிப்போனதுதான் காரணம்.

மூன்றாம்_மாடி
இரண்டு பேரும் தங்கையின் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அவளுக்கு பிசியோதெரபி எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் இன்று பிசியோதெரபிஸ்ட் ஆக முனைவர் நிலைப் படிப்பு வேண்டும், டிபிடி என்பார்கள், அதற்கு முன் பெரும்பாலும் இளங்கலை. பிசியோதெரபி உதவியாளர் வேலைக்கு இரண்டு வருடப் பட்டம் உண்டு, ஆனால் அது அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பு, முடித்து உரிமத் தேர்வு எழுத வேண்டும். உடற்பயிற்சி அறிவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு போய் அந்தத் தேர்வை எழுத முடியாது. பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நிறைய பிள்ளைகள் குழம்பிச் சேர்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், அசோசியேட் பட்டத்திலேயே ஏஎஸ், ஏஏஎஸ் என்று இரண்டு விதம் இருக்கும். ஏஎஸ் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறிப் போவதற்காக அமைத்தது. ஏஏஎஸ் நேராக வேலைக்கு, மாறும்போது அதில் பல பாடங்கள் கணக்கில் வராமல் போகலாம். உடற்கூறியல் மற்றும் உடலியல் இரண்டு பருவம் ஆய்வகத்தோடு, வேதியியல், புள்ளியியல், இவை பாடத்திட்டத்தில் இருந்தால் டிபிடிக்கும் பின்னால் உதவும். குழு விளையாட்டு, எடைப் பயிற்சி வகுப்புகளே பாதிக்கு மேல் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.

இரும்புக்கை
மாறிப் போவதற்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன், செலவும் குறையும். ஆனால் இரண்டு வருடத்தோடு நிறுத்திவிட்டு பயிற்சியாளராக வருவதற்கு இது வீண் என்ற பேச்சை மாற்றமாட்டேன். ஜிம் முதலாளி கேட்பது சான்றிதழைத்தான்.

நாடித்துடிப்பு
முதலாளி கேட்காமல் இருக்கலாம். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று வந்து நிற்கிறவர் கேட்பார். அவரை உங்கள் ஜிம்மில் யாரிடம் அனுப்புகிறீர்கள்?

தென்றல்
பாடத்திட்டத்தை இப்போதுதான் பார்த்தேன், ஏஎஸ்தான். உடற்கூறியல் இரண்டு பருவமும் இருக்கிறது, வேதியியல் விருப்பப் பாடமாகப் போட்டிருக்கிறார்கள். எந்தெந்தப் பாடம் அடுத்த கல்லூரியில் கணக்கில் வரும் என்று எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிவிட்டேன். வேதியியலை எடுக்கச் சொல்கிறேன்.